கடத்தப்பட்டவள் மேனகா: ஒரு நாவலும் நான்கு வாசகர்களும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பத்துமலையில் கொம்யூட்டர் ரயில் ஏறிய நான் கே.எல். சென்ட்ரலில் இறங்க மறந்து மிட்வேலிக்குப் போய்ச் சேர்ந்தேன். தூக்கம் காரணமன்று, கைப்பேசியும் காரணமன்று. கையிலிருந்த தமிழ் நாவல்தான் காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றோருக்கு இஃது ஒரு சிறிய அதிசயம் என்றே சொல்ல வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் பிறகு தமிழை நான் தேர்வுக்காகத்தான் படித்தேன். ஒரு தமிழ்ப் புத்தகம் என்னை நிலையம் தவறவிடச் செய்யும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த நாவல் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் எழுதிய 'மேனகா'. ஒரு பெண் கடத்தப்படும் கதை. படித்து முடித்த வேகத்தில் அதை என் மாமாவிடமும், பல்கலைக்கழகத் தோழி ஒருத்தியிடமும் கொடுத்தேன். பாட்டிக்கு நானே வாசித்துக் காட்டினேன். நால்வரும் படித்தது ஒரே கதை. ஆனால், நால்வரின் கருத்தும் ஒன்றாக இல்லை. விறுவிறுப்பான ஒரு கடத்தல் கதையைப் பற்றி வாசகர்கள் ஏன் இத்தனை விதமாகப் பேசுகிறார்கள் என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலாசிரியரும் நூலும்

வடுவூர், தமிழகத்தில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊர். துரைசாமி ஐயங்கார் (1880-1942) பட்டப்படிப்பு முடித்துத் தாசில்தாராகப் பணியாற்றியவர். பின்னர் அவ்வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நாவல் எழுத வந்தார். 'மனோரஞ்சனி' என்ற இதழை நடத்தி அதன்வழித் தம் நாவல்களை வெளியிட்டார். ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோருடன் சேர்த்து, தமிழில் துப்பறியும் கதைகளைப் பரவலாக்கிய முன்னோடிகளுள் ஒருவராக இவர் வைத்து எண்ணப்படுகிறார். இவரின் 'கும்பகோணம் வக்கீல்' என்ற நாவலே 1950ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில், எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றிய 'திகம்பர சாமியார்' திரைப்படமாயிற்று.

'மேனகா' இரண்டு பாகங்களைக் கொண்டது. இதை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்தார்கள். 1935ஆம் ஆண்டு ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. புராணக் கதைகளே பெரும்பாலும் படமாகிக் கொண்டிருந்த காலத்தில் வந்த தொடக்ககாலச் சமூகப் படங்களுள் இதுவும் ஒன்று. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடித்து வெளிவந்த முதல் படமும் இதுவே. 1955இல் கதை மீண்டும் படமாக்கப்பட்டது. ஆக, நூலாகவும் மேடையாகவும் திரையாகவும் இக்கதை மக்களிடம் பல முறை சென்றிருக்கிறது.

கதைச் சுருக்கம் இதுதான். டெப்டி கலெக்டரின் மகள் மேனகா. அவள் கணவன் வராகசாமி ஒரு வக்கீல். கணவனின் விதவைச் சகோதரிகள் இருவரும் மேனகாவை வெறுக்கிறார்கள். குடும்ப நண்பர் ஒருவரோடு சேர்ந்து சூழ்ச்சி செய்து, நைனா முகம்மது என்ற பணக்காரனிடம் அவளைப் பணத்திற்கு விற்றுவிடுகிறார்கள். வீட்டை விட்டு அவளே ஓடிப்போய்விட்டாள் என்று கணவனையும் நம்ப வைக்கிறார்கள். அந்நிய மாளிகையில் அகப்பட்டுக்கொண்ட மேனகாவைக் காப்பாற்றுவது யார்? நைனா முகம்மதுவின் மனைவியான நூர்ஜஹான்தான். பிறகு பல துன்பங்களைக் கடந்து உண்மை வெளிப்பட்டுக் கணவனும் மனைவியும் ஒன்று சேர்கிறார்கள்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

வடுவூராரின் நடை இன்றைய நடையன்று. வடசொற்கள் மிகுந்தது. வாக்கியங்கள் நீளமானவை. ஒரு பெண்ணின் அழகையோ ஓர் அறையின் அலங்காரத்தையோ சொல்லத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போகும். முதல் அத்தியாயத்தைக் கடக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இருந்தும் பிறகு ஏன் நான் நிலையம் தவறவிட்டேன்?

இக்கதையில் 'யார் செய்தது?' என்ற மர்மம் இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சதி செய்பவர்கள் யார் என்பது நமக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. மேனகாவுக்கு மட்டுந்தான் தெரியாது. ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால், பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி மட்டுமே. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சுகூட நம்மைத் தவிக்க வைக்கும். வடுவூரார் கையாண்டதும் இந்த இரண்டாம் வழியே. நாத்தனார்கள் அன்பாகப் பேசத் தொடங்கும்போது மேனகா மகிழ்கிறாள். நமக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

இடத்தை மாற்றுவது இன்னொரு வழி. ஒருவர் ஆபத்தில் இருக்கும் கட்டத்தில் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு வேறோர் இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்வது இவ்வகை நாவல்களின் பழக்கம். இதழ்வழி அடுத்த பகுதிக்காக வாசகரைக் காத்திருக்கச் செய்த காலத்தின் உத்தி அது. இன்றைய தொலைக்காட்சித் தொடர்களும் அதையே செய்கின்றன.

இவ்வகை நாவல்கள் வந்த காலத்திலேயே கருத்து வேறுபாடும் உடன் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் போன்றோர் எழுதிய பரபரப்பு நாவல்களைத் தழுவி எழுதியவை என்ற குறை ஒரு பக்கம். நாவல் படிப்பதால் பெண்களும் இளைஞரும் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் மறுபக்கம். ஆ. இரா. வேங்கடாசலபதி 2002இல் வெளியிட்ட 'நாவலும் வாசிப்பும்' என்ற ஆய்வு நூல் இந்தச் சர்ச்சைகளை விரிவாகப் பேசுகிறது. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட பழக்கம் மாறி, தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கம் தமிழரிடையே பரவியதில் நாவலுக்குப் பங்குண்டு என்பதையும் அந்நூல் காட்டுகிறது. இக்கருத்தை நான் என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன் எனலாம். நானும் மாமாவும் தோழியும் மௌனமாகப் படித்தோம். பாட்டி காதால் கேட்டார்.

மாமாவின் கருத்து

என் மாமா லாரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதற்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவருக்கு வாசிப்பு நேரம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் அவர் லாரியின் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். அவற்றுள் ராஜேஷ்குமார் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். இத்தனை கதைகளில் பழகிய மாமாவுக்கு 'மேனகா' பிடிக்கவில்லை.

"என்னாம்மா இது, பொண்ணத் தூக்கிட்டுப் போயிட்டான். உடனே ஒருத்தன் கெளம்ப வேணாமா? அவ அழகா இருக்கா, அழுவுறா, சாமி கும்புடுறா. இதையே எழுதிக்கிட்டு இருந்தா எப்படி?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. இன்றைய குற்ற நாவலில் கடத்தல் நடந்த மறுபக்கமே காவல் அதிகாரியோ துப்பறிவாளரோ வந்துவிடுவார். கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வாசகர் அந்தத் துப்பறிவாளரின் தோளுக்குப் பின்னால் நின்று தேடுகிறார். மாமா நிற்க விரும்பும் இடம் அதுவே. தேடிச் செல்பவனுக்கு ஒவ்வொரு விநாடியும் முக்கியம். ஆகவே, வருணனை அவருக்குத் தடையாகத் தெரிகிறது.

தோழியின் கருத்து

என் தோழி கிள்ளானில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். புத்தகத்தை அவளிடம் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்ட கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

"உனக்கு இவன் வில்லன். சரி. ஆனா இந்தப் பெயரப் பார்த்ததும் எனக்கு எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வந்துச்சு. இந்தப் பெயர்ல எங்க சொந்தத்திலயே ரெண்டு பேர் இருக்காங்க. அவன் வர்ற பக்கமெல்லாம் எனக்கு வேகமாப் போகல."

நான் விரைவாகத் திருப்பிய பக்கங்களில் அவள் நின்று நின்று சென்றிருக்கிறாள். கடத்தியவன் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனாக எழுதப்படுகிறானோ, அந்தச் சமூகத்து வாசகர் குற்றவாளிக் கூண்டின் ஓரத்தில் நின்றபடி படிக்க நேர்கிறது. பல இன மக்கள் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நம் நாட்டில் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும், அவள் நாவலை முற்றாகத் தள்ளவில்லை. "பெண்ணை வித்தது அவ சொந்த வீட்டு ஆளுங்க. காப்பாத்துனது நூர்ஜஹான். தன் புருஷன்னு பார்க்காம ஒரு பொண்ணு பக்கம் நின்னாளே, அவளுக்காகவே நான் முடிவு வரைக்கும் படிச்சேன்" என்றாள். ஒரே நூலின்மீது ஒரே வாசகருக்குள் இரண்டு கருத்து இருக்க முடியும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பாட்டியின் கருத்து

பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். இப்போது பத்துமலையில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் இரவு உணவுக்குப் பிறகு நான் நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். வடசொற்களில் என் நாக்கு தடுமாறும். பாட்டிதான் பல சொற்களுக்குப் பொருள் சொன்னார். பள்ளியில் அதிகம் படிக்காத பாட்டி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குச் சொல் விளக்கியது எனக்கு வெட்கமாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

கடத்தல் காட்சியைப் பாட்டி அமைதியாகக் கேட்டார். மேனகா மாளிகையில் தவிக்கும் காட்சியையும் கேட்டார். ஆனால், அவள் ஓடிப்போய்விட்டதாக வராகசாமி நம்பும் இடம் வந்ததும், "நிப்பாட்டு" என்றார்.

"சொன்னதும் நம்பிட்டானே. ஆள் காணாமப் போனா, ஊர்ல மொதல்ல சொல்றது அதத்தான். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

பாட்டியின் தந்தையாரை ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்பது எனக்கு ஒரு வரிச் செய்தியாகத்தான் தெரியும். அன்று இரவுதான் முழுதாகக் கேட்டேன். சில மாத வேலை, நல்ல சம்பளம், திரும்பக் கொண்டு வந்து விட்டுவிடுவோம் என்று சொல்லி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்போது பாட்டி தம் தாயின் வயிற்றில் இருந்தார். போனவர் வரவில்லை, கடிதமும் இல்லை. போர் முடிந்து சிலர் திரும்பி வந்தபோது, அவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று தோட்டத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். பாட்டியின் தாய் அதை ஒருநாளும் நம்பவில்லை. சாகும்வரை தாலியையும் கழற்றவில்லை.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நம் நாட்டு நாவல்கள் அத்துயரத்தைப் பேசுகின்றன. அவற்றை நாம் வரலாற்று நாவல்கள் என்கிறோம். பாட்டியைக் கேட்டால் அவையும் ஆள் கடத்தல் கதைகளே.

மறுநாள் இரவு பாட்டியே, "படி, அவ வந்தாளா இல்லையா?" என்று கேட்டார். முடிவு வரை கேட்டுவிட்டு, "வந்துட்டா. அது போதும்" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "அவ வர்ற வரைக்கும் அவளப் பெத்தவ எப்படி சோறு தின்னான்னு இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்" என்றும் சொன்னார். மாமாவுக்கு மெதுவாகத் தெரிந்த நாவல், பாட்டிக்கு அவசரமாகத் தெரிந்தது!

நிற்கும் இடமே கருத்து

இந்த நான்கு கருத்துகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கடத்தல் கதையில் வாசகர் நிற்பதற்குக் குறைந்தது நான்கு இடங்கள் உண்டு. கடத்தப்பட்டவரின் அருகில் நிற்கலாம். தேடிச் செல்பவரோடு ஓடலாம். பழி சுமத்தப்படும் தரப்பில் நிற்க நேரலாம். வீட்டில் காத்திருப்பவரோடு அமரலாம். முதல் முறை படித்தபோது நான் மேனகாவோடு அந்த மாளிகைக்குள் இருந்தேன், அதனால் பயந்து பயந்து பக்கங்களைத் திருப்பினேன். மாமா தேடுபவரோடு ஓடினார். தோழி மூன்றாம் இடத்தில் நின்றாள். பாட்டி வாசற்படியில் அமர்ந்திருந்தார். நாவலின் வேகம் பக்கங்களில் மட்டும் இல்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

இது புதிய செய்தியுமன்று. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பத்துமலை ரயில் நிலையத்திற்கு அருகே, பச்சை நிற அனுமார் உயர்ந்து நிற்கும் இராமாயணக் குகை இருக்கிறது. உள்ளே கதை முழுவதும் சிலைகளாக அமைந்திருக்கிறது. தமிழர் அறிந்த மிகப் பெரிய கடத்தல் கதை அதுதானே! வான்மீகியின் இராமாயணத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ, அவன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாக மாற்றிப் பாடினார். தம் காலத்து மக்கள் எதைக் கேட்கப் பொறுப்பார்கள், எதைப் பொறுக்க மாட்டார்கள் என்பதை எண்ணியே கம்பர் அவ்வாறு அமைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். மீட்கப்பட்ட பிறகும் சீதை தீயில் இறங்க வேண்டியிருந்தது. மேனகாவும் தன் தூய்மையை மெய்ப்பித்த பிறகுதான் வீடு திரும்ப முடிகிறது. கடத்தியவனைவிடக் கடத்தப்பட்டவளையே அதிகம் விசாரிக்கும் இந்தப் பழக்கம் நாவலின் பெரிய குறை என்பது என் கருத்து. ஆனால், அந்தக் குறை நாவலுக்கு மட்டும் உரியதன்று. இன்றும் ஒரு பெண் காணாமற்போனால் அக்கம்பக்கத்தில் முதலில் எழும் பேச்சு எது என்பதை நாம் அறிவோம்.

வெளிநாட்டுக் கதைகளும் இதற்கு விலக்கல்ல. ஸ்டீவன்சன் 1886இல் எழுதிய 'கிட்னாப்ட்' என்ற புகழ்பெற்ற ஆங்கில நாவலில், சொத்துக்காகச் சிறுவனைக் கப்பல் தலைவனிடம் ஒப்படைத்து அமெரிக்கத் தோட்டங்களுக்கு விற்றுவிடத் திட்டமிடுபவன் அவனுடைய சொந்தச் சிற்றப்பனே. 'கிட்னாப்' என்ற ஆங்கிலச் சொல்லே பதினேழாம் நூற்றாண்டில், அமெரிக்கத் தோட்டங்களுக்கு வேலையாட்களைத் திருடிச் சென்றதைக் குறிக்கத்தான் வழக்கிற்கு வந்தது. தோட்டத்து மண்ணில் வேர்விட்ட நமக்கு இச்சொல்லின் வரலாறு அந்நியமானதாக இருக்க முடியாது.

நிறைவாக

வேகமான கதை தாழ்ந்தது, மெதுவான கதை உயர்ந்தது என்று பிரித்துப் பேசுவது நம் இலக்கியக் கலந்துரையாடல்களில் வழக்கமாகிவிட்டது. 'மேனகா' சிறந்த இலக்கியம் என்று நான் வாதிட வரவில்லை. அதில் தேவையற்ற வருணனை உண்டு. நம்ப முடியாத தற்செயல்கள் உண்டு. என் தோழியை நோக வைத்த பக்கங்களும் உண்டு. இருப்பினும், ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதான் வரும், அடுத்த சமயத்தாரிடமிருந்துதான் வரும் என்ற எண்ணத்தை அதன் கதைப்பின்னலே உடைத்துவிடுகிறது. வடுவூரார் அதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, விற்றவர்கள் உறவினர், மீட்டவள் நூர்ஜஹான் என்பதே கதை.

மேலும், அந்த வேகம் இல்லாவிட்டால் நான் முதல் அத்தியாயத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். தாண்டாவிட்டால் பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டேன். என் கொள்ளுத்தாத்தாவின் கதை அந்த ஒரு வரியோடு நின்று போயிருக்கும்.

ஆகவே, பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு விறுவிறுப்பான நாவலைப் படித்து முடித்ததும், "நல்லா இருக்கு" என்றோ "நல்லா இல்ல" என்றோ சொல்லி மூடி வைத்துவிடாதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு அதைச் சற்று உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "நிப்பாட்டு" என்கிறார் என்று பாருங்கள். பாட்டி இப்போது 'நினைவுச் சின்னம்' வேண்டும் என்கிறார். நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசித்து வருகிறேன். அதை மட்டும் நான் வேகமாகப் படிப்பதில்லை.